பஸ் திரும்பும் முன்பே காது சொல்லும்!

செஞ்சி பஸ் நிலையம். காலை நேரம்.

திருவண்ணாமலைக்குப் போகும் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி, தோளில் ஒரு பை. கூட்டத்தில் முண்டியடித்து ஒரு தாய் ஏறிவிடுகிறாள்.

"அண்ணே, பாப்பாவுக்கு பஸ்சு ஒத்துக்காது. ஜன்னல் ஓரமா ஒரு எடம் குடுங்கண்ணே!"

"முன்னாடி வாம்மா" என்கிறார் கண்டக்டர். "பெரியவரே, நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடுங்க. கொழந்தை வாந்தி எடுக்குமாம்."

பெரியவர் மறுபேச்சு இல்லாமல் எழுந்துவிடுகிறார். வாந்தி என்றால் யார்தான் எழுந்திருக்க மாட்டார்கள்?

சிறுமியின் உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழம். பஸ் புறப்படும் முன்பே அதை மூக்கில் வைத்து அழுத்திக்கொள்கிறாள்.

செஞ்சி வழியாகத் திண்டிவனத்துக்கும், விழுப்புரத்துக்கும், சென்னைக்கும், புதுச்சேரிக்கும், பெங்களூருக்கும் பஸ்கள் ஓடுகின்றன. பவுர்ணமி வந்துவிட்டால் கிரிவலக் கூட்டம் வேறு. செஞ்சிக் கோட்டை மட்டும் என்ன? 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அதைப் பார்க்கவும் மக்கள் குடும்பத்தோடு வருகிறார்கள்.

எந்த பஸ்சில் ஏறினாலும் எலுமிச்சம்பழம் பிடித்த கை ஒன்றாவது இருக்கும். "பஸ் ஒத்துக்காது" என்பதற்காகவே கல்யாணத்துக்குப் போகாதவர்கள் உண்டு. தாய் வீட்டுக்குப் போவதைத் தள்ளிப் போடும் பெண்கள் உண்டு. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்காத குழந்தைகள் உண்டு.

ஆனால் அந்த பஸ்சில் ஒருவருக்கு மட்டும் எலுமிச்சம்பழம் தேவையே இல்லை.

அவர்தான் டிரைவர்!

டிரைவருக்கு வராதது ஏன்?

அதே பஸ். அதே ரோடு. அதே குலுக்கல். பயணிகளுக்கு வயிற்றைப் புரட்டுகிறது. டிரைவருக்கு ஒன்றும் இல்லை.

"அவருக்குப் பழகிவிட்டது" என்று சொல்வோம். அதுவும் ஓரளவு உண்மைதான். ஆனால் வண்டி ஓட்டும்போது நன்றாக இருப்பவரே, பின் சீட்டில் உட்கார்ந்து போனால் தலைசுற்றுகிறது என்று சொல்வது உண்டே! அது எப்படி?

ஸ்டியரிங் அவர் கையில் இருக்கிறது. அதுதான் காரணம்.

வண்டி இடது பக்கம் திரும்பப் போகிறது என்பது டிரைவருக்கு முன்கூட்டியே தெரியும். திருப்பப் போகிறவரே அவர்தான்! கை ஸ்டியரிங்கைச் சுற்றுவதற்கு முன்பே அவருடைய மூளை உடம்புக்குத் தகவல் கொடுத்துவிடுகிறது. கழுத்து தயாராகிறது. முதுகு தயாராகிறது. தலை வளைவின் உள் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துகொள்கிறது.

பயணிக்கு அந்தத் தகவல் வருவதில்லை. பஸ் திரும்பிய பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. அதற்குள் உடம்பு ஒரு பக்கம் தள்ளப்பட்டுவிடுகிறது. தலை மறுபக்கம் ஆடுகிறது. இப்படி ஒரு வளைவு அல்ல, ஐம்பது வளைவு!

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைப் பாதையில் 40. அங்கே போய் வந்தவர்களுக்கு விளக்கம் தேவை இல்லை.

சொம்பும் தண்ணீரும்

நம் காது கேட்பதற்கு மட்டும் அல்ல. கொத்தனார் சுவர் மட்டம் பார்க்க ரசமட்டம் வைத்திருக்கிறார் அல்லவா? அதுபோல ஒன்று நம் ஒவ்வொரு காதுக்குள்ளும் இருக்கிறது.

உள்காதில் அரை வட்டமாக வளைந்த மூன்று நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. தலை திரும்பினால் குழாயும் திரும்பும். உள்ளே இருக்கும் திரவம் சற்றுப் பின்தங்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு சொம்பில் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு துளசி இலையைப் போடுங்கள். சொம்பைச் சட்டென்று திருகுங்கள். சொம்பு திரும்பிவிடும். இலை நின்ற இடத்திலேயே நிற்கும். அதே கதைதான் காதுக்குள்ளும் நடக்கிறது. திரவம் பின்தங்குவதை அங்கே உள்ள மெல்லிய ரோமங்கள் உணர்ந்து, "தலை திரும்புகிறது" என்று மூளைக்குச் சொல்கின்றன.

இப்போது ஒரு குழந்தை பஸ்சில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண் என்ன சொல்கிறது? "எதுவும் அசையவில்லை. படம் அப்படியே நிற்கிறது" என்கிறது. காது என்ன சொல்கிறது? "ஐயையோ, வலது பக்கம் திரும்புகிறோம்!" என்கிறது.

இரண்டு சாட்சிகள். இரண்டு வாக்குமூலம். மூளை குழம்பிப் போகிறது. அந்தக் குழப்பம்தான் குமட்டல், தலைசுற்றல், வாந்தி. விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை வருவது அரிது. அதற்கு மேல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளைத்தான் அதிகம் பிடித்து ஆட்டுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கடைசி சீட்டில் இருப்பவர்கள் பாடு கேட்கவே வேண்டாம்!

ஆக, பயணிக்கு வேண்டியது ஒரு சின்னத் தகவல். "இதோ, திரும்பப் போகிறோம்" என்ற தகவல். அதை யார் சொல்வது?

ஓசை சொல்லலாம் என்கிறார்கள் நிபுணர்கள்.

தேசிங்கு ராஜன் குதிரை

இது புதிய கருத்தா? யோசித்துப் பார்த்தால், பழைய வண்டிகள் எல்லாமே பேசிக்கொண்டுதான் போயின.

1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட தேசிங்கு ராஜனையும், கதைப்பாடல் புகழும் அவனுடைய குதிரை பாராசாரியையும் அறியாதவர்கள் செஞ்சிப் பக்கம் இருக்க மாட்டார்கள். குதிரையில் ஏறியவனுக்குத் தலைசுற்றாது. குதிரையின் கழுத்தும் காதும் அவன் கண் முன்னே இருக்கின்றன. கடிவாளம் அவன் கையில் இருக்கிறது. குளம்படிச் சத்தம் மாறுவது அவனுக்குக் கேட்கிறது.

மாட்டு வண்டியில் கழுத்து மணிகள் ஒரே தாளத்தில் ஒலித்துக்கொண்டே இருக்கும். வண்டிக்காரர் நாக்கைத் தட்டி மாட்டை அதட்டுவார். மணியின் தாளம் கலையும். பிறகுதான் வண்டி திரும்பும். வைக்கோல் மேல் படுத்திருப்பவருக்குக்கூட அது தெரியும்.

டீசல் பஸ்சிலும் அப்படித்தான். வளைவு வருகிறது என்றால் டிரைவர் வேகத்தைக் குறைப்பார். கியரை மாற்றுவார். என்ஜின் சத்தம் மாறும். மலைப் பாதை என்றால் ஹாரனும் அடிப்பார். அந்த ஹாரன் எதிரே வரும் வண்டிக்காக அடிப்பது. ஆனால் பஸ்சுக்குள் இருப்பவர்களுக்கும் அது ஒரு அறிவிப்புதான். "பிடிச்சுக்கோ, வளைவு வருது" என்று பாட்டி பேரனை இழுத்து அணைத்துக்கொள்வது அந்த ஹாரனைக் கேட்டுத்தான்!

இந்த ஓசைகளை யாரும் பயணிகளுக்காகத் திட்டம் போட்டு அமைக்கவில்லை. தானாக வந்தன. அதனால் அவற்றின் அருமையும் தெரியவில்லை.

இப்போது அவை ஒவ்வொன்றாக மறைகின்றன.

2025 ஜூன் 30-ந்தேதி சென்னை வியாசர்பாடி பணிமனையில் இருந்து 120 மின்சார பஸ்கள் ஓட்டத்தைத் தொடங்கின. மின்சார வண்டியில் டீசல் என்ஜினின் உறுமல் இல்லை. பழைய கியர் மாற்றும் சத்தமும் இல்லை. காதுக்கு சுகம். ஆனால் வண்டி வேகம் எடுக்கப் போகிறதா, குறைக்கப் போகிறதா என்று காதால் கண்டுகொள்வது கடினம். போதாக்குறைக்கு, டிரைவர் மிதியில் இருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பின்னுக்கு இழுத்து மின்சாரம் சேமிக்கும். பயணியின் தலை முன்னால் சாயும். மின்சாரக் காரில் போனால் அதிகமாகக் குமட்டுகிறது என்று சிலர் சொல்வதற்கு நிபுணர்கள் காட்டும் காரணங்கள் இவைதான்.

ரோட்டில் நடப்பவர்களுக்காக இதற்கு ஏற்கனவே ஒரு வழி செய்தாகிவிட்டது. சத்தம் இல்லாமல் வரும் காரில் கண் தெரியாதவர்கள் அடிபடக் கூடாது அல்லவா? ஐரோப்பாவில் 2019 ஜூலை முதல் புதிய ரக மின்சாரக் கார்கள், மெதுவாகப் போகும்போது ஒரு செயற்கை ஓசை எழுப்பியே ஆக வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு ஓசை கிடைத்துவிட்டது. உள்ளே இருப்பவர்களுக்கு?

டிக்... டிக்... டிக்...

உள்ளே இருப்பவர்களுக்கு, திரும்பப் போவதைச் சொல்லும் ஓசை ஒன்று எல்லாக் கார்களிலும் உண்டு. எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கார் திரும்பும் முன் டிரைவர் இண்டிகேட்டர் போடுகிறார். "டிக்... டிக்... டிக்..." என்று கேட்கிறதே, அதுதான்!

அந்தச் சத்தம் எப்படி வந்தது என்பது ஒரு சுவையான கதை. பழைய கார்களில் இண்டிகேட்டர் விளக்கு விட்டு விட்டு எரிய ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு. மின்சாரம் பாய்ந்தால் தகடு சூடேறி வளையும். தொடுப்பு விட்டுப் போகும். விளக்கு அணையும். தகடு ஆறியதும் பழையபடி நிமிரும். தொடுப்பு ஒட்டும். விளக்கு எரியும். ஒட்டும்போதும் விடும்போதும் எழுந்த சத்தமே அந்த "டிக் டிக்".

நிமிஷத்துக்கு 60 முதல் 120 தடவை வரை மின்ன வேண்டும் என்பது விதி. ஒரு விளக்கு பழுதானால் பல வண்டிகளில் சத்தம் படபடவென்று வேகம் எடுக்கும். டிரைவர் வண்டியை விட்டு இறங்காமலே, "பின் பல்பு போயிடுச்சு" என்று சொல்லிவிடுவார்.

இன்றைய கார்களில் அந்தத் தகடு இல்லை. எல்லாம் மின்னணு மயம். சத்தம் வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் சத்தம் கேட்கிறது! ஒலிபெருக்கி வழியாக அதை வேண்டுமென்றே ஒலிக்க வைக்கிறார்கள். சத்தம் இல்லாவிட்டால் டிரைவர் இண்டிகேட்டரை அணைக்க மறந்துவிடுவார் அல்லவா?

இந்த "டிக் டிக்"கை அமைக்க இசையமைப்பாளரையே கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அதுவும் நம் சென்னைக்காரரை!

மகிந்திரா நிறுவனம் தன்னுடைய மின்சாரக் கார்களுக்காக இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரகுமானிடம் ஓசைகளை உருவாக்கச் சொன்னது. அவர் 75-க்கும் மேற்பட்ட ஓசைகளை உருவாக்கி இருக்கிறார் என்று 2023-ல் அறிவித்தது. கார் ஓடும்போது கேட்கும் ஓசை, பெல்ட் போடாவிட்டால் எச்சரிக்கும் ஓசை, இவற்றோடு இண்டிகேட்டர் ஓசையும் அதில் அடக்கம். அந்த வரிசையின் கார்கள் 2024 நவம்பரில் சென்னையில் நடந்த விழாவில் அறிமுகமாயின.

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 2020-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த எம்.எக்ஸ்-30 என்ற மின்சாரக் காரில் வேறு ஒரு ஏற்பாடு. மோட்டார் எவ்வளவு பலமாக இழுக்கிறதோ, அதற்குத் தக்கபடி உள்ளே ஒரு ஓசை ஏறி இறங்கும். அது வேகத்தைச் சொல்கிறது. ஸ்டியரிங்கைச் சொல்ல அதே வழியில் இன்னும் ஒரு படி போக வேண்டும்.

இடது காதா, வலது காதா?

இடது பக்கம் ஒரு கொசு ரீங்காரம் செய்தால் நம் கை நேராக இடது பக்கம்தான் போகிறது. பார்க்காமலே எப்படித் தெரிகிறது?

ஓசை இடது காதுக்கு முதலில் வந்து சேர்கிறது. வலது காதுக்குச் சற்றுப் பிந்திப் போகிறது. எவ்வளவு பிந்தி? ஒரு விநாடியை ஆயிரம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுகூட இல்லை! அந்த வித்தியாசத்தையும் மூளை கண்டுபிடித்துவிடுகிறது. காதுக்குள் இருக்கும் ரசமட்டத்தை அமைதிப்படுத்த, அதே காதின் இந்தத் திறமையைப் பயன்படுத்துவதுதான் யோசனை.

இன்றைய கார்கள் பலவற்றில், ஸ்டியரிங் எந்தப் பக்கம் எவ்வளவு சுற்றி இருக்கிறது என்று அளக்கும் கருவி இருக்கிறது. வண்டி சறுக்காமல் காப்பதற்காக வைத்தது அது. அந்தக் கணக்கை ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால் போதும். ஸ்டியரிங் இடப் பக்கம் சுற்றினால் இடப் பக்கத்து ஒலிபெருக்கியில் மெல்லிய ரீங்காரம். அதிகம் சுற்றினால் சுருதி ஏறும். நேரானால் ஓசை அடங்கும். டிரைவரின் கைக்குத் தெரிந்தது பயணியின் காதுக்கும் தெரிந்துவிடும்.

பலன் இருக்குமா? நெதர்லாந்து விஞ்ஞானிகள் குழு ஒன்று ஒரு சோதனை நடத்தி, 2020-ல் முடிவை வெளியிட்டது. தண்டவாளத்தின் மேல் ஒரு அறை. அதற்குள் ஆட்களை உட்கார வைத்து, முன்னும் பின்னுமாக நகர்த்தினார்கள். ஒரு தடவை, அறை எந்தப் பக்கம் நகரப் போகிறது என்பதை ஓசை முன்கூட்டியே சொன்னது. இன்னொரு தடவையும் ஓசை கேட்டது. ஆனால் அதில் தகவல் எதுவும் இல்லை.

முன்கூட்டித் தகவல் கேட்டபோது குமட்டல் குறைவாக இருந்தது! முழுவதும் நிற்கவில்லை. குறைந்தது. அது நேர்த் தண்டவாளம். வளைவு கிடையாது. மலைப் பாதையில் இதே பலன் கிடைக்குமா என்பதை மலைப் பாதையில்தான் பார்க்க வேண்டும்.

ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் வேறு வழியில் போனார்கள். விநாடிக்கு 100 அதிர்வு கொண்ட ஆழ்ந்த ஓசை ஒன்றை ஒரு நிமிஷம் கேட்க வைத்தால், உள்காதின் சமநிலை உறுப்பு தூண்டப்பட்டு, குமட்டல் குறைகிறது என்று 2025-ல் வெளியிட்டார்கள். இந்த ஓசைக்கு இடமும் தெரியாது, வலமும் தெரியாது. இது மருந்து மாதிரி. ஸ்டியரிங் ஓசை செய்தி மாதிரி.

ஒரு விநாடி முன்னால்

இதில் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது.

ஓசை எப்போது கேட்க வேண்டும்? வண்டி திரும்பிய பிறகு கேட்டுப் பயன் இல்லை. ஸ்டியரிங் சுற்றத் தொடங்கும்போது கேட்டாலும், உடம்பைத் தயார் செய்துகொள்ள நேரம் போதாது. ஒரு விநாடியாவது முன்னால் கேட்க வேண்டும். டிரைவர் மனதில் இருப்பது வண்டிக்கு எப்படித் தெரியும்?

டிரைவரே இல்லாத வண்டி என்றால் இது எளிது. அமெரிக்காவில் பீனிக்ஸ், சான்பிரான்சிஸ்கோ நகரங்களில் ஆள் இல்லாத டாக்சிகள் ஓடுகின்றன. அவற்றின் கம்ப்யூட்டர் வழியை முன்பே போட்டு வைத்திருக்கும். அது பயணிக்கும் சொல்லலாம். இத்தகைய வண்டிகளில் எல்லோருமே பயணிகள்! ஸ்டியரிங் பிடிக்க ஒருவரும் இல்லை. படித்துக்கொண்டும் படம் பார்த்துக்கொண்டும் போகலாம் என்றுதான் விளம்பரம். வாந்தி வந்தால் எப்படிப் படிப்பது? கார் கம்பெனிகள் இந்த ஆராய்ச்சியில் பணத்தைக் கொட்டுவதற்குக் காரணம் இதுதான்.

நம் ஊர் பஸ்சில் மனிதர் ஓட்டுகிறார். இண்டிகேட்டர் போட்டதும் சொல்லலாம். ரோட்டின் வளைவுகளை வரைபடத்தில் இருந்து எடுத்துச் சொல்லலாம். ஆனால் குறுக்கே ஒரு ஆடு ஓடி வந்தால்? அதை எந்த வரைபடம் சொல்லும்!

டிரைவருக்கே ஓசை தேவைப்படும் காலமும் வருகிறது. முன்பெல்லாம் ஸ்டியரிங்கில் இருந்து சக்கரம் வரை இரும்புத் தண்டு உண்டு. ரோட்டின் மேடு பள்ளம் எல்லாம் கைக்குத் தெரியும். 2013-ல் நிசான் நிறுவனத்தின் இன்பினிட்டி கியூ-50 காரில் மின்கம்பி வழியாகச் சக்கரத்தைத் திருப்பும் முறை வந்தது. ஆபத்துக்கு உதவத் தண்டும் இருந்தது. 2023-ல் வந்த டெஸ்லா சைபர்டிரக் வண்டியில் தண்டே இல்லை. டயர் பிடிப்பு விடுகிறதா என்று கைக்குச் சொல்ல ஒரு மோட்டார் நடிக்க வேண்டும். அந்த வேலையில் காதுக்கும் பங்கு கொடுக்கலாம்.

தூங்குகிறவர் என்ன செய்வார்?

விலை உயர்ந்த காரில் நான்கு பேர் போகிறார்கள். அங்கே மெல்லிய ரீங்காரம் வைக்கலாம். பஸ்சில் அறுபது பேர். ஒருவர் தூங்குகிறார். ஒருவர் போனில் சத்தமாகப் பேசுகிறார். ஜன்னல் கடகடக்கிறது. சினிமாப் பாட்டு வேறு. இதற்கிடையில் ரீங்காரம் யார் காதில் விழும்? சத்தத்தைக் கூட்டினால் தூங்குகிறவர் சண்டைக்கு வருவார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பாட்டுப் பாடும் கார்களால் தெருவே அலறியது மறந்துவிடுமா?

சீட்டின் தலைப் பக்கத்தில் சின்ன ஒலிபெருக்கி வைப்பது ஒரு வழி. காது கேளாதவர்களுக்கு சீட்டையே இடமோ வலமோ மெல்ல அதிர வைப்பது இன்னொரு வழி. இரண்டுக்கும் பணம் வேண்டும். எந்தப் புதுமையும் முதலில் பணக்காரர் காருக்குத்தான் போகிறது. வாந்தி எடுக்கும் குழந்தையோ டவுன் பஸ்சில் போகிறது!

அதுவரை என்ன செய்யலாம்?

குழந்தையை முன் பக்க சீட்டில் உட்கார வையுங்கள். கையில் செல்போன் கொடுக்காதீர்கள். எதிரே தெரியும் ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். செஞ்சியைத் தாண்டினால் ரோடு ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே போகிறது. கோட்டையைக் காட்டுங்கள். தூரத்து மலையைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே கதையைச் சொல்லும்.

இன்னொன்று. அந்த விஞ்ஞானிகள் ஓசையால் செய்ததைத் தாயின் குரலும் செய்யும். வளைவு வரும் முன், "இப்ப வலது பக்கம் திரும்பப் போறோம் கண்ணு" என்று சொல்லுங்கள். அடுத்த வளைவில், "இப்ப எந்தப் பக்கம், நீ சொல்லு பார்க்கலாம்" என்று குழந்தையைக் கேளுங்கள். முன் சீட்டு என்றால் டிரைவரின் கை தெரியும். அந்தக் கை எந்தப் பக்கம் சுற்றுகிறதோ, அந்தப் பக்கம்!